உயிரைக் கேள், தருவான், உள்ளத்தைக் கேளாதே!

படைவீரன் தன்னை நாட்டுக்கு எழுதிக் கொடுத்தவன். எப்போது எழவேண்டும், எதை உண்ணவேண்டும், எந்த ஊரில் வாழவேண்டும், தலைமயிரை எவ்வளவு விடவேண்டும் என்பதையெல்லாம் பிறர் முடிவு செய்ய, அதன்படி நடப்பவன். பனிச்சரிவில் காவல் நில் என்றால் நிற்கிறான். குண்டு பொழியும் மேட்டை நோக்கி முன்னேறு என்றால் முன்னேறுகிறான். ஏன் என்று கேட்பதில்லை. எனக்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு யார் என்றும் கேட்பதில்லை. அவன் கேட்கத் தொடங்கினால் எல்லை என்று ஒன்று இராது. நாமும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாளேட்டை விரித்துக்கொண்டு இப்படி அமர்ந்திருக்க முடியாது.

இவ்வளவையும் கொடுத்துவிட்ட அந்த மனிதனிடம் எஞ்சுவது யாது? ஒன்றே ஒன்று. எதை நம்புகிறான், எதை நம்பவில்லை, யாரை வணங்குவான், யாரையும் வணங்கமாட்டானா என்று அவன் உள்ளத்துக்குள் இருக்கும் முடிவு. அதையும் கொண்டுவா என்று கேட்க மேலதிகாரிக்கு உரிமை உண்டா?

உண்டு என்று பொருள்படும்படியான விடையை 2025 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்திருக்கிறது. தீர்ப்பு வந்தது, செய்தி வந்தது, இரண்டு நாள் பேச்சு நடந்தது, பிறகு நாடு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. நாம் போகலாகாது. நீதிபதிகளை ஏசுவது நம் பண்பன்று. தீர்ப்பை எடுத்து வைத்து இது சரியா என்று கேட்பது நம் உரிமை. அந்த உரிமையோடு பேசுகிறேன்.

நடந்தது என்ன?

சாமுவேல் கமலேசன் என்னும் கிறித்தவ இளைஞர் 2017 மார்ச்சில் தரைப்படையில் லெப்டினன்ட் ஆனார். 3-ஆவது கேவல்ரி என்னும் படைப்பிரிவில் அவருக்கு இடம். சீக்கியரும் ஜாட்டுகளும் ராஜபுத்திரரும் நிறைந்த பிரிவு அது. சீக்கிய வீரர்களைக் கொண்ட ஒரு குழுவுக்கு அவர் தலைவர். பிரிவின் வளாகத்தில் ஒரு கோவில் இருந்தது. ஒரு குருத்வாரா இருந்தது. பல படைப்பிரிவுகளில் உள்ள ‘சர்வ தர்ம ஸ்தலம்’ என்னும் பொது வழிபாட்டிடம் அங்கே இல்லை என்று அவர் மனுவில் கூறினார்.

வாரந்தோறும் சமய அணிவகுப்பு. அவர் தம் வீரர்களோடு போனார். காலணியைக் கழற்றினார். தலைப்பாகை வேண்டிய இடத்தில் தலைப்பாகை அணிந்தார். வளாகத்துக்குள் மரியாதையோடு நின்றார். ஒன்றை மட்டும் கேட்டார்: கருவறைக்குள் சென்று பூசையிலும் ஆரத்தியிலும் பங்கேற்பதிலிருந்து எனக்கு விலக்குத் தாருங்கள், என் சமயம் அதற்கு இடந்தரவில்லை. இதுவே அவர் சொன்ன வழக்கு.

படைத்தரப்பு சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். பலமுறை அழைத்து அறிவுரை கூறினோம், பிற கிறித்தவ அதிகாரிகளைக் கொண்டும் எடுத்துரைத்தோம், அவர் இசையவில்லை. தலைவன் தனியே நின்றால் தொண்டன் மனம் தளரும். ஆகவே இஃது ஒழுங்கு மீறல் என்றனர். படைநீதிமன்றத்தில் வைத்து விசாரிப்பதுகூட உகந்ததன்று என்று கருதி, 2021 மார்ச் 3 அன்று அவரைப் பணியிலிருந்து நீக்கினர். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே 30 அன்று அந்த நீக்கத்தை உறுதி செய்தது. இது சமய உரிமை பற்றிய வழக்கே அன்று, மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவது பற்றிய வழக்கு என்றது. தலைமை நீதிபதி சூரிய காந்தும் நீதிபதி ஜோய்மால்யா பாக்சியும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு, அவர் படைக்குப் பொருந்தாதவர் என்று கடிந்து, மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

கோழை என்று அவரை யாரும் சொல்லவில்லை. களத்தை விட்டு ஓடினார் என்று சொல்லவில்லை. காவலில் உறங்கினார், கணக்கில் திருடினார், கமுக்கத்தை விற்றார் என்று எவரும் சொல்லவில்லை. ஓர் அறைக்குள் நுழையவில்லை என்பதே குற்றம்.

இரண்டு வகைக் கட்டளை

கட்டளையில் இரண்டு வகை உண்டு, தோழர்களே. ‘செய்யாதே’ என்பது ஒன்று. ‘செய்’ என்பது மற்றொன்று.

பேசாதே, எழுதாதே, ஊர்வலம் போகாதே, சங்கம் சேராதே என்று படைவீரனுக்குச் சொல்கிறார்கள். கசப்பான கட்டளைகள்தாம். ஆயினும் அவற்றுக்குப் பொருள் உண்டு. துப்பாக்கி ஏந்தியவன் அரசியல் பேசத் தொடங்கினால் பேச்சு முடியும்போது மக்களாட்சியும் முடிந்துவிடும். பாகிஸ்தானில் 1958-இல் பார்த்தோம், 1977-இல் பார்த்தோம், 1999-இல் பார்த்தோம். பர்மாவில் 1962-இல் பார்த்தோம். 2021-இல் மறுபடி பார்த்தோம். ஆகவே படையின் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை.

ஆனால், “வணங்கு!” என்பது வேறு வகைக் கட்டளை. அது வாயைப் பூட்டுவதன்று. உள்ளத்தின் கதவை உடைப்பது. வாய் மூடியிருப்பவன் பொய் சொல்வதில்லை. நம்பாத ஒன்றைக் கும்பிட்டு நிற்பவன் ஒவ்வொரு நொடியும் பொய்யனாக்கப்படுகிறான். அவனைப் பொய்யனாக்குவது எது? அவன் உயிரைக் கொடுத்துக் காக்கும் நாடு!

சட்டம் என்ன சொல்கிறது?

நான் கல்லூரிப் படிப்பையே முடிக்காதவன், வழக்கறிஞன் அல்லன். ஆனால் சட்டப் புத்தகம் எழுத்தறிந்த எவர்க்கும் பொது. திறந்து பார்ப்போம்.

அரசியற் சட்டத்தின் 25-ஆவது உறுப்பு மனச்சான்றின் உரிமையை ஒவ்வொருவர்க்கும் தருகிறது. 33-ஆவது உறுப்பு, படையினரைப் பொறுத்தமட்டில் அடிப்படை உரிமைகளை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதைச் சட்டம் இயற்றி முடிவு செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. கவனியுங்கள்: நாடாளுமன்றத்துக்கு! படைப்பிரிவின் தலைவருக்கு அன்று.

நாடாளுமன்றம் 1950-இல் தரைப்படைச் சட்டத்தை இயற்றியது. அதன் 21-ஆவது பிரிவு, எந்தெந்த உரிமைகளை மத்திய அரசு விதி செய்து கட்டுப்படுத்தலாம் என்று எண்ணிச் சொல்கிறது. ஒன்று, தொழிற்சங்கத்திலோ பிற சங்கங்களிலோ சேர்வது. இரண்டு, கூட்டங்களிலும் ஆர்ப்பாட்டங்களிலும் கலந்துகொள்வது. மூன்று, பத்திரிகைகளோடு தொடர்பு கொள்வது, நூலோ மடலோ வெளியிடுவது. அவ்வளவே! நான்காவதாகச் சமயம் என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. மறந்து விட்டார்களா? அரசியற் சட்டத்தின் மை உலராத காலத்தில் எழுதியவர்கள் அவர்கள். பிரிவினையின் குருதி கண்டவர்கள். மறக்கக்கூடியவர்களா?

எதிர்த்தரப்பு எழுந்து, “21-ஆவது பிரிவு மட்டும் அன்று, படைச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுமே 33-ஆவது உறுப்பின் துணையோடு நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியிருக்கிறதே” என்று கேட்கும். கூறியிருக்கிறது, ஒப்புகிறேன். மேலதிகாரியின் கட்டளையை மீறுவது குற்றம் என்கிறது 41-ஆவது பிரிவு, அதையும் ஒப்புகிறேன். ஆனால் அந்தப் பிரிவு ‘கட்டளை’ என்று வெறுமனே சொல்லவில்லை. சட்டப்படியான கட்டளை என்று சொல்கிறது. அப்படியானால் கேள்வி மறுபடி தொடங்கிய இடத்துக்கே வருகிறது. “கருவறைக்குள் வந்து வழிபாட்டில் சேர்” என்பது சட்டப்படியான கட்டளையா? கட்டளையிட்டதனாலேயே அது சட்டப்படியானது என்றால், சட்டம் எதற்கு? புத்தகத்தை மூடிவிடலாமே!

இன்னும் ஒன்று. அதே படைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு, எவருடைய சமய உணர்வையும் வேண்டுமென்றே புண்படுத்தும் படையினரைத் தண்டிக்கிறது. கோவிலை மாசுபடுத்துபவனுக்குத் தண்டனை, மிக நன்று. மனச்சான்று என்னும் கோவிலுக்குள் காலணியோடு நுழைபவனுக்கு?

ஒரு காட்சி

நாடக மேடையில் எத்தனையோ தளபதிகளுக்கு வசனம் எழுதியவன் நான். இந்தக் காட்சியையும் மேடையேற்றிப் பார்க்கிறேன். பெயர் வேண்டா, தலைவர் என்றும் வீரன் என்றும் வைத்துக்கொள்வோம்.

தலைவர்: நாளை வழிபாடு. நீயும் உள்ளே வரவேண்டும்.

வீரன்: வெளியே நிற்கிறேன், ஐயா. மரியாதையோடு நிற்கிறேன்.

தலைவர்: உள்ளே வந்தால் என்ன குறைந்துவிடும்?

வீரன்: ஒன்றும் குறையாதென்றால், நான் வராவிட்டாலும் ஒன்றும் குறையாதே, ஐயா.

தலைவர்: இது வழிபாடே அன்று. ஒற்றுமைக்கான பயிற்சி.

வீரன்: பயிற்சி என்றால் எனக்கும் பிறர்க்கும் பொதுவாக இருக்கவேண்டும். அவர்கள் தம் கடவுளிடம் வருகிறார்கள். நான் என் கடவுளை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்கிறீர்கள். இதில் எங்கே ஐயா ஒற்றுமை?

தலைவர்: எதிர்த்துப் பேசுகிறாயா?

வீரன்: பகைவன் சுடும்போது முன்னே போ என்று சொல்லுங்கள், போகிறேன்.

அந்த வீரனைக் கிறித்தவன் என்று மட்டும் எண்ணாதீர்கள். இசுலாமியனாக வையுங்கள். பௌத்தனாக வையுங்கள். பிற சமயத்தார் வழிபாட்டில் சேர மனமில்லாத இந்துவாக வையுங்கள். கடவுளே இல்லை என்னும் பகுத்தறிவாளனாக வையுங்கள். விடை மாறுமா? மாறாதென்றால் அது நீதி. ஆளுக்கு ஆள் மாறுமென்றால் அதற்கு வேறு பெயர்.

வேலூர் தந்த பாடம்

இப்படிக் கட்டளையிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய வரலாற்றில் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. வேலூர்க் கோட்டைவரை போனால் போதும்.

கும்பெனியின் சென்னைப் படைக்கு அன்று தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங் பிரபு. படையைச் சீர்செய்கிறோம் என்று ஆணை போட்டார்கள். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடி கூடாது. தலைப்பாகையும் புதிது, தோல் பதித்து, பறங்கியர் தொப்பியைப் போலவே தோன்றியது. இந்துச் சிப்பாய்களும் முணுமுணுத்தனர். முஸ்லிம் சிப்பாய்களும் முணுமுணுத்தனர். 1806 மே மாதத்தில் வேலூரில் ஒரு பட்டாளம் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தது. விடையாகக் கிடைத்தது கசையடி. அடிபட்டவர் இருவர்: ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம்.

கசை ஓய்ந்தது, முணுமுணுப்பு ஓயவில்லை. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டை வெடித்தது. வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து கோட்டையை மீட்டான். நம் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். திப்புவின் மக்கள் அந்தக் கோட்டையில் இருந்ததும், அந்நிய ஆட்சியின்மீது இருந்த வெறுப்பும், வேறு குறைகளும் அந்த நெருப்புக்கு விறகு. ஆனால் பொறி எது? தலைப்பாகை! ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கையும் பெண்டிங்கையும் 1807-இல் இலண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

“அன்று சமயக் குறியை அழி என்றார்கள், இன்று வழிபாட்டுக்கு வா என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாகும்?” என்று கேட்பர். ஒன்றுதான்! அழி என்று சொன்னவனும், வை என்று சொல்பவனும், ஒரே இடத்தில் கைவைக்கிறார்கள். சிப்பாயின் உள்ளம் என் ஆட்சிக்குட்பட்ட நிலம் என்று இருவருமே எண்ணுகிறார்கள். வாளுக்கு விலைகொடுத்தவன் கும்பெனிக்காரன். வாளோடு மனமும் விலைக்கு வந்தது என்று அவன் எண்ணிய இடத்தில்தான் கோட்டை வெடித்தது. அது வணிகன் நடத்திய படை. இன்றிருப்பது குடியரசின் படை. குடியரசு வணிகனைவிட மேலாக நடக்கவேண்டாமா?

ஒற்றுமை எங்கே பிறக்கிறது?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக் கழிக்கமாட்டேன். போர்க்களத்தில் வீரன் சாவை எதிர்கொள்கிறான். அந்த வேளையில் அவனுக்குத் துணிவு தருவது அவன் தெய்வத்தின் பெயர். பல படைப்பிரிவுகளின் போர்முழக்கமே தெய்வத்தின் பெயர்தான். அந்த முழக்கத்தில் தலைவன் சேராவிட்டால் எப்படி என்கிறார்கள்.

தொண்டனின் தெய்வத்தை மதிக்காத தலைவன் தலைவனே அல்லன், ஒப்புகிறேன். ஆனால் மதிப்பது வேறு, வழிபடுவது வேறு. அண்டை வீட்டுத் திருமணத்துக்குப் போகிறோம், வாழ்த்துகிறோம், விருந்துண்கிறோம், தாலி கட்டுவதில்லை!

நம் மதராஸ் ரெஜிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1758 முதல் தன் வரலாற்றைச் சொல்லும் பழம்பெரும் படை. நீலகிரியில் வெலிங்டனில் அதன் பயிற்சி மையம். தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும், பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய போர்முழக்கம் என்ன? “வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!” எந்தத் தெய்வத்தின் பெயர் அதில் இருக்கிறது? அந்த முழக்கத்தோடு பாய்ந்தவர்களுக்கு வீரம் குறைந்துவிட்டதா?

1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில் பகைவரின் டாங்கிகளை ஜீப்பிலிருந்து சுட்டு நொறுக்கி மாண்டான் அப்துல் ஹமீது. 1971-இல் கங்காசாகரில் பகைவரின் பதுங்குகுழிமேல் பாய்ந்து மாண்டான் ஆல்பர்ட் எக்கா. பழங்குடியில் பிறந்த கிறித்தவன். இருவர்க்கும் பரம்வீர் சக்கரம். எந்தக் கருவறைக்குள் நுழைந்தார்கள், எந்தக் கருவறைக்கு வெளியே நின்றார்கள் என்று பதக்கம் தரும்போது யாரும் கேட்கவில்லையே! சாவுக்குப் பிறகு கேட்காத கேள்வியை வாழ்வின்போது கேட்பானேன்?

விலக்குத் தந்தால் ஒழுங்கு சிதறும் என்பதும் பொய்யுரை. சீக்கிய வீரனுக்குத் தாடியும் தலைப்பாகையும் தலைமுறை தலைமுறையாக விலக்கு. அதனால் படை சிதறிற்றா? உலகப் போர் இரண்டிலும் அந்தத் தலைப்பாகைகள் நின்று போரிட்டன. தாடி வைக்க இசைவு கேட்ட முஸ்லிம் விமானப்படை வீரர் ஒருவரின் வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இசைவளிக்க மறுத்தது. முடி வெட்டுவதையே சமயம் தடுத்தால்தான் விலக்கு என்ற விதியைக் காட்டிற்று. அங்கே இருந்தது சீருடை பற்றிய கேள்வி. அதன்மீது இருபுறமும் பேச இடமுண்டு. கமலேசன் வழக்கில் கேட்டது சீருடைபற்றி அன்று. சீருடைக்குள் இருக்கும் மனிதனைப்பற்றி.

உலகம் எப்படித் தீர்த்தது?

அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் முதலிய படைக் கல்லூரிகளில் மாணவர் ஒவ்வொரு வாரமும் கட்டாயம் தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்ற விதி இருந்தது. வழக்கு வந்தது. படைத்துறை என்ன சொன்னது தெரியுமா? இது வழிபாடு அன்று. வீரர்களின் சமய உணர்வை வருங்கால அதிகாரிகள் புரிந்துகொள்வதற்கான பயிற்சி என்றது. நம் நாட்டில் இன்று கேட்கும் அதே சொல்! 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை அடித்து வீழ்த்தியது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. கட்டாயம் ஒழிந்தது. படைக் கல்லூரிகள் இடிந்து விழவில்லை.

அதே நாட்டில், கோல்ட்மன் என்னும் யூத அதிகாரி சிறு குல்லாய் ஒன்றைச் சீருடையோடு அணிய இசைவு கேட்டார். 1986-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு எதிராக ஐவர் என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தது. கதை அங்கே முடிந்ததா? மறு ஆண்டிலேயே அந்நாட்டு மன்றம் சட்டம் இயற்றி அவர் கேட்டதைத் தந்தது. நீதிமன்றம் மூடிய கதவை மக்கள் மன்றம் திறக்கலாம். இதை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபுறமும் பார்ப்போம். கிரேக்க விமானப்படையில் மூன்று அதிகாரிகள் தமக்குக் கீழிருந்த வீரர்களிடம் தம் பெந்தெகொஸ்தே சமயத்தைப் பரப்பினர். தண்டனை பெற்றனர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. படைக்கு வெளியே இருந்தவர்களிடம் பேசியதற்குத் தண்டித்தது தவறு. தமக்குக் கீழ்ப்பட்ட வீரர்களிடம் பேசியதற்குத் தண்டித்தது தவறன்று என்றது. ஏன்? தோளில் பட்டையுள்ளவன் சொல்லும்போது, கேட்பவன் எழுந்து போக முடியாது! ஆகவே சமய உரிமை என்றால் அதிகாரியின் சமயப் பரப்புரை உரிமை என்று நாம் வாதிடவில்லை. மேலே இருப்பவன் வற்புறுத்தலாகாது. எந்தச் சமயத்தின் பெயராலும் ஆகாது. கிறித்தவ அதிகாரி தன் வீரனைச் சிலுவையின் முன் மண்டியிடச் சொன்னால் அன்றும் இதே நாளேட்டில் இதே கட்டுரையை எழுதுவேன்.

அயல்நாட்டுக் கதை எதற்கு என்பாரும் உண்டு. நம் நாட்டுக் கதையே இருக்கிறது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் சமயக் கொள்கைக்காக நாட்டுப்பண்ணைப் பாடாமல் மரியாதையோடு எழுந்து மட்டும் நின்றனர். பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். 1986-இல் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றது போதும் என்றது. பள்ளி வேறு, பாசறை வேறு, அறிவேன். ஆனால் நாட்டுப்பண்ணுக்கே நிற்பது போதும் என்றால், ஆரத்திக்கு நிற்பது போதாதா?

மலையிலிருந்து இறங்கும் இளைஞன்

இந்தப் பேச்செல்லாம் டெல்லியில் இருப்பவர்களுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். இதை நான் எழுதுவது கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றான திருப்புலி நாட்டிலிருந்து. வல்வில் ஓரியின் மலை இது. இங்கிருந்து ஓர் இளைஞன் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்கி, ஆள்சேர்ப்புத் திடலில் ஓடி வென்று, பட்டாளத்தில் சேர்கிறான் என்று வையுங்கள். அவன் தெய்வம் மாசி பெரியசாமி. அவன் தாயின் தெய்வம் எட்டுக்கை அம்மன். வடக்கே எங்கோ ஒரு பாசறையில், அவனுக்குத் தெரியாத மொழியில், அவனுக்குத் தெரியாத ஒரு வழிபாடு. வா என்கிறார்கள். வரமாட்டேன் என்று அவனால் சொல்ல முடியுமா?

2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி அவனுக்கு 4 ஆண்டு வேலை. அந்த 4 ஆண்டுக்குப் பிறகு நூற்றுக்கு 25 பேர்வரைதான் நிலைத்த பணியில் வைத்துக்கொள்ளப்படுவர். அந்த 25 பேரில் அவன் இருப்பானா, அல்லது மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறுவானா என்பது மேலதிகாரிகள் அவனைப்பற்றி இடும் மதிப்பெண்ணையும் பொறுத்தது. கமலேசன் படித்த அதிகாரி, வழக்காட முடிந்தது, உச்ச நீதிமன்றம்வரை போக முடிந்தது. இந்தப் பிள்ளை எங்கே போவான்? கும்பிடு என்று சொல்லக்கூட வேண்டாம். ஒரு பார்வை போதும். அவன் கை தானே கூப்பும். அதை அதிகாரி ‘விருப்பம்’ என்று எழுதிக்கொள்வார்.

பூட்டிய வாய்

இங்கேதான் பேச்சுரிமை வந்து நிற்கிறது. உள்ளம் புண்பட்டவன் வாயைத் திறந்து சொல்லலாமா? 1954-ஆம் ஆண்டின் தரைப்படை விதிகளைப் பாருங்கள். அரசியல் பற்றியோ படைப்பணி பற்றியோ பத்திரிகைக்கு எழுதவும் வெளியிடவும் மேலிடத்து இசைவு வேண்டும். 2020-இல் முகநூல் உட்பட 89 செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொன்னார்கள். எதிர்த்து வழக்குப் போட்ட ஓர் அதிகாரியின் மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. கமுக்கம் காக்க வேண்டும் என்றால் ஏற்போம். பகைவன் காதுக்குப் போகக்கூடாதது போகக்கூடாது.

ஆனால் பசி கமுக்கமா?

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ், தட்டிலிருந்த கருகிய ரொட்டியையும் தண்ணீர்ப் பருப்பையும் படம்பிடித்து நாட்டுக்குக் காட்டினார். ஏப்ரலில் பணி போயிற்று. அது தரைப்படை அன்று, உள்துறையின் கீழுள்ள படை. ஆனாலும் பூட்டு ஒன்றே. 2020 பிப்ரவரியில் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சியாச்சின் போன்ற உறைபனி உயரங்களில் நிற்கும் வீரர்களுக்குப் பனிக்கண்ணாடியிலும் காலணியிலும் பற்றாக்குறை, சத்துணவிலும் குறை என்று அந்த அறிக்கை சொல்லிற்று. அதிகாரி எழுதினால் அறிக்கை. அடிபட்டவன் எழுதினால் குற்றம்! கண்ணாடி இல்லை என்று சொல்லும் உரிமை, பனியில் நிற்கும் கண்ணுக்கு இல்லை. டெல்லியில் கணக்குப் பார்க்கும் கண்ணுக்கு உண்டு.

வாயைப் பூட்டியே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ என்னும் கடற்படைத் தளத்தின் மாலுமிகள் எழுந்தனர். கெட்ட உணவு, அதிகாரியின் இழிசொல், முறையிட்டும் கேளாச் செவி. அந்த நெருப்பு கராச்சிவரை பரவிற்று. பல்லாயிரம் மாலுமிகள் சேர்ந்தனர். முறையீட்டுக்கு வழி இருந்திருந்தால் அங்கே கலகத்துக்கு வேலை குறைந்திருக்கும். விடுதலைக்கு அது உதவிற்று, ஆகவே கொண்டாடுகிறோம். ஆனால் விடுதலை பெற்ற நாடு தன் வீரனை அந்த நிலைக்குத் தள்ளலாகாது.

பேசாதே என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டோம். உரிமைக்கு விலை உண்டு. ஒருவன் வாயை மூடியவர்கள், அவனுக்காகத் தாங்களே செவியைத் திறந்து வைக்கவேண்டும். அரசியல் பேசாதே என்று அவனுக்குச் சொல்பவர்கள், தங்கள் சமயத்தையும் தங்கள் அரசியலையும் அவன் உடல்மீது எழுதலாகாது. இந்த இரண்டும் இல்லையென்றால் அங்கே இருப்பது ஒழுங்கு அன்று, ஊமையாக்கிய அடிமைத்தனம்.

நாம் கேட்பது என்ன?

வெறும் குமுறலோடு நிற்கலாகாது. கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது: சமய அணிவகுப்புக்கு வீரர்களோடு செல்வதும் மரியாதையோடு நிற்பதும் கடமையாக இருக்கட்டும். வழிபாட்டுச் சடங்கில் சேர்வது அவரவர் விருப்பம் என்று படைச் சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். அமெரிக்க மன்றம் 1987-இல் செய்ததை நம் நாடாளுமன்றம் செய்ய எது தடை?

இரண்டாவது: ஒவ்வொரு படைப்பிரிவிலும் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழிபாட்டிடம் வேண்டும். ஏதும் நம்பாதவன் அமைதியாக வெளியே அமரவும் உரிமை வேண்டும்.

மூன்றாவது: உணவு, உடை, இழிவு, சமய வற்புறுத்தல் ஆகியவைபற்றி முறையிட, எவர்மீது முறையீடோ அவர் கையைத் தாண்டிச் செல்லும் வழி வேண்டும். 2007-இல் சட்டம் இயற்றிப் படைத் தீர்ப்பாயம் அமைத்தார்கள். சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. ஆனால் படைக்குள் இருக்கும் படிகளையெல்லாம் ஏறி முடித்த பிறகே அந்த வாயிலுக்கு வர முடிகிறது. அதற்குள் 4 ஆண்டுப் பணியே முடிந்துவிடும்.

நான்காவது: மனச்சான்றின் பெயரால் எழும் வழக்கில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புமுன், படைநீதிமன்றத்தில் அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். களத்தை விட்டு ஓடியவனுக்குக்கூட விசாரணை உண்டு. கருவறைக்கு வெளியே நின்றவனுக்கு இல்லையா?

தோழர்களே! நாளை உங்கள் கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் ஊரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இருப்பார். அவரை அழைத்து, அவர் கண்டதைக் கேளுங்கள். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியினராயினும், 33-ஆவது உறுப்பு உங்கள் கையில் தந்த அதிகாரத்தை என்ன செய்தீர்கள் என்று மடல் எழுதிக் கேளுங்கள். பணியில் இருக்கும் வீரன் கேட்க முடியாது. அவன் வாய் பூட்டியிருக்கிறது. நம் வாய் பூட்டப்படவில்லை. அவன் துப்பாக்கி நம் உயிரைக் காக்கிறது என்றால், நம் நாக்கு அவன் உள்ளத்தைக் காக்கட்டும்!